தோளில் நான்கு பட்டை, வீட்டில் ஒரு கணக்கு

"பையன் ஏர்ஃபோர்ஸ்ல ஆபீசர்" என்று கல்யாணத் தரகர் சொன்னதுமே பெண் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நீல யூனிஃபார்ம், குவார்ட்டர்ஸ், கேன்டீன் கார்டு, வயதான அம்மா அப்பாவுக்கும் ராணுவ மருத்துவமனை வசதி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் என்று விமானப்படை நிலையங்கள் நம் ஊர்ப்பக்கமே இருப்பதால், அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இங்கே நிறைய.

அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் குடியிருப்பவர்களுக்கு வேறு சில எண்கள் மனப்பாடம். 13, 14, 20, 26, 54. எல்லாமே ஆண்டுக் கணக்குகள். ஒரு அதிகாரியின் சம்பளம், பதவி, பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு, சொந்த வீட்டுக் கடன் எல்லாம் இந்த ஐந்து எண்களைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

தானாக வரும் படிகள்

விமானப்படையில் அதிகாரியாகச் சேர்கிறவர் ஃப்ளையிங் ஆபீசர். விமானம் ஓட்டாத கணக்குப் பிரிவுக்காரருக்கும், பொறியாளருக்கும், வானிலைப் பிரிவுக்காரருக்கும் இதே பெயர்தான். அடுத்து ஃப்ளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன். அதற்கு மேல் ஏர் கமோடர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல். உச்சியில் தலைமைத் தளபதியான ஏர் சீஃப் மார்ஷல் ஒருவர்.

இதில் விங் கமாண்டர் வரை ஏறுவதற்குப் பெரிய போட்டி இல்லை. அதிகாரியாகி 2 ஆண்டில் ஃப்ளைட் லெப்டினன்ட், 6 ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர், 13 ஆண்டில் விங் கமாண்டர். உரிய தேர்வுகளை முடித்து, உடல்தகுதியும் ஒழுக்கப் பதிவும் சரியாக இருந்தால் பதவி தானாக வரும்.

முன்பு இப்படி இல்லை. விங் கமாண்டர் பதவிக்கே தேர்வுக் குழுவைத் தாண்ட வேண்டியிருந்தது. கார்கில் போருக்குப் பிறகு, படைகளை வழிநடத்தும் அதிகாரிகளின் வயது குறைய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அஜய் விக்ரம் சிங் தலைமையிலான குழு அதற்காகத் தந்த பரிந்துரைகளின் முதல் கட்டம் 2004 டிசம்பரில் முப்படைகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. 2, 6, 13 என்ற இந்த வரிசை அப்போது வந்ததுதான்.

7-வது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி ஃப்ளையிங் ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. ஃப்ளைட் லெப்டினன்ட்டுக்கு 61,300. ஸ்குவாட்ரன் லீடருக்கு 69,400. விங் கமாண்டர் ஆனதும் ஒரே தாவலாக 1,21,200. குரூப் கேப்டனுக்கு 1,30,600. ஏர் கமோடர் வரையிலான எல்லோருக்கும் இதற்கு மேல் மாதம் 15,500 ரூபாய் ராணுவப் பணிச் சம்பளம் தனியாக உண்டு. அகவிலைப்படி தனி. விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் பறத்தல் படி தனி; 2017-ல் அது மாதம் 25,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது.

ஆகவே, சம்பளம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சிக்கல் எல்லாம் அந்த ஏணியின் நடுவில் இருக்கிறது.

வாசல் குறுகும் இடம்

விங் கமாண்டருக்கு அடுத்த படி குரூப் கேப்டன். ராணுவத்தில் கர்னல், கடற்படையில் கேப்டன் என்பதற்குச் சமமான பதவி. இங்கேதான் வாசல் திடீரென்று குறுகிவிடுகிறது.

குரூப் கேப்டன் ஆக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தேர்வுக் குழு வழியாக. ஒரு பிரிவில் எத்தனை இடம் காலியோ அத்தனை பேர் மட்டுமே தேறுவார்கள். 13 ஆண்டுகள் தோளோடு தோள் நின்று ஒரே மாதிரி ஏறி வந்த பேட்ச் நண்பர்கள் முதல் முறையாக ஒருவரோடு ஒருவர் மோதும் இடம் இது.

அந்தக் குழுவின் மேஜைக்கு வருவது அதிகாரியின் முகம் அல்ல, காகிதங்கள். ஆண்டுதோறும் மேலதிகாரிகள் எழுதும் மதிப்பீட்டு அறிக்கைகள், செய்த பயிற்சிகள், வகித்த பொறுப்புகள், மருத்துவத் தகுதி. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கும் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் இடம் பிடிக்க இளம் அதிகாரிகள் ராத்திரி பகலாகப் படிப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே போய் வந்தது பின்னாளில் எடை தரும் ஒரு வரி.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் ஏதோ ஒரு நிலையத்தில், ஏதோ ஒரு மேலதிகாரி கொஞ்சம் கை சுருக்கிப் போட்ட மதிப்பெண் இன்றைக்கு வந்து குறுக்கே நிற்கலாம். எல்லோருமே நல்ல மதிப்பெண் எடுத்திருக்கும் கூட்டத்தில் அரை மதிப்பெண் வித்தியாசமே ஒருவரை வெளியே தள்ளிவிடும். முதல் முறை தவறினால் மறுபரிசீலனைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால், அதற்குள் ஜூனியர் ஒருவர் சீனியராகிவிட்டிருப்பார். அவருக்கு சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்கு வரும் நாளில் சாப்பாட்டு மேஜையில் பேச்சு குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழி, காலத்தின் வழி. தேர்வுக் குழுவில் தேறாவிட்டாலும், அதிகாரியாகி 26 ஆண்டுகள் முடிந்தால் குரூப் கேப்டன் பட்டம் கிடைக்கும். முதல் வகைக்கு 'செலக்ட்' என்று பெயர், இரண்டாவதற்கு 'டைம் ஸ்கேல்'. தோளில் அதே நான்கு பட்டை, அதே சம்பள விகிதம், அதே மரியாதை. கல்யாண மண்டபத்தில் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அலுவலக உத்தரவுகளில் மட்டும் அடைப்புக்குறிக்குள் அந்த இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே பட்டை, இரண்டு ஓய்வு வயது

அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தச் சொற்கள் வெறும் சொற்களாக மட்டும் நிற்கவில்லை. தரைப்பணிப் பிரிவுகளில் 'செலக்ட்' குரூப் கேப்டன் 57 வயது வரை பணியாற்றலாம், 'டைம் ஸ்கேல்' குரூப் கேப்டன் 54-ல் ஓய்வு பெற வேண்டும் என்று விதி இருந்தது. ஒரே பதவி, ஒரே சம்பளம், மூன்று ஆண்டு வித்தியாசம்.

மூன்று ஆண்டு என்றால் பணத்தில் எவ்வளவு? இன்றைய அட்டவணையை வைத்து, புரிதலுக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 54 வயதில் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 1,90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராணுவப் பணிச் சம்பளம் 15,500 சேர்த்தால் 2,05,500. பென்ஷன் இதில் பாதி, அதாவது 1,02,750. பணியில் தொடர்ந்தால் முழுச் சம்பளம், ஓய்வு பெற்றால் பாதி. மாதம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். 36 மாதத்துக்கு ஏறத்தாழ 37 லட்சம். அகவிலைப்படியைச் சேர்க்காமலே இவ்வளவு.

அதோடு முடியவில்லை. ஆண்டுக்கு 3 சதவிகித ஊதிய உயர்வு மூன்று முறை சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 2,07,600-ஐத் தொடும். அப்போது பென்ஷன் 1,11,550. அதாவது, வாழ்நாள் முழுக்க மாதம் 8,800 ரூபாய் கூடுதல். அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் அதற்கேற்ப உயரும்.

பணத்தைத் தள்ளிவைத்தாலும் வயது இருக்கிறது. 30 வயதுக்கு மேல் குழந்தை பிறந்த வீட்டில், அப்பாவுக்கு 54 ஆகும்போது பிள்ளை கல்லூரியில் இருக்கும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதுவரை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாறிக்கொண்டே இருந்த குடும்பத்துக்கு, சொந்த ஊர் எது என்று தீர்மானிக்கவே நேரம் இருந்திருக்காது. "கர்னல் ரேங்க்னு சொன்னாங்க, அதுக்குள்ள ரிட்டயர்டா?" என்று உறவினர் வீட்டில் கேட்கும் கேள்விக்கு மனைவிதான் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசின் சிவில் பணியில் இருக்கும் தம்பி 60 வயது வரை வேலை பார்ப்பார்.

பாதிக்கப்பட்ட அதிகாரிகள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே வென்றார்கள். மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. அதுல் சுக்லா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

அரசின் வாதம் எளிதாகப் புரியக்கூடியதுதான். தேர்வாகி வந்தவரும் காலத்தால் வந்தவரும் ஒன்றல்ல. படை இளமையாக இருக்க வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே பதவி, ஒரே சம்பளம், ஒரே சலுகைகள் என்று கொடுத்துவிட்டு, ஓய்வு வயதில் மட்டும் பிரிப்பதற்கு நியாயமான அடிப்படை இல்லை என்றது. சமத்துவத்துக்கு உத்தரவாதம் தரும் அரசியல் சட்டப் பிரிவுகளுக்கு அது எதிரானது என்று சொல்லி, தீர்ப்பாயத்தின் முடிவை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் ஏர் கமோடர் பதவி கொடு என்று சொல்லவில்லை. தேர்வு முறை தவறு என்றும் சொல்லவில்லை. படை என்பது கூம்பு வடிவம். மேலே போகப் போக இடம் குறையத்தான் செய்யும். பதவியைக் கொடுத்த பிறகு அதற்குள் ரகசியமாக இன்னொரு படி வைக்காதே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

14-க்கும் 20-க்கும் நடுவே

குரூப் கேப்டன் கதையாவது பென்ஷன் வாங்குகிறவர்களின் கதை. பென்ஷனே இல்லாமல் வெளியே வருகிறவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள்.

விமானப்படையில் நிரந்தரப் பணி, குறுகிய காலப் பணி என்று இரண்டு வகைகள் உண்டு. குறுகிய காலப் பணியில் பைலட்டுகளுக்கு 14 ஆண்டு. தரைப்பணிப் பிரிவினருக்கு 10 ஆண்டு, தேவைப்பட்டால் இன்னும் 4 ஆண்டு நீட்டிப்பு. அதிகாரிகளுக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 20 ஆண்டு பணி வேண்டும். ஆக, 14-ல் வெளியே வருகிறவருக்கு கிராஜுவிட்டி உண்டு. மாதாமாதம் வரும் பென்ஷன் இல்லை.

மேலே சொன்ன வரிசையை இங்கே பொருத்திப் பாருங்கள். சம்பளம் பெரிதாகத் தாவுவது 13-வது ஆண்டில், விங் கமாண்டர் ஆகும்போது. அந்தச் சம்பளத்தை ஒரே ஒரு ஆண்டு வாங்கிவிட்டு 14-வது ஆண்டில் வெளியேற வேண்டும். வயது 36, 37 இருக்கும். புதிய வேலையை அடியிலிருந்து தொடங்க அது தாமதம். ஓய்வெடுக்கவோ மிகவும் சீக்கிரம்.

பெண் அதிகாரிகளுக்கு இது இன்னும் கூர்மையாக வலித்தது. 1990-களின் தொடக்கத்தில் அவர்களை விமானப்படை குறுகிய காலப் பணியில் சேர்க்க ஆரம்பித்தது. சில ஆண்டுகள் கழித்து நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்படுவோம் என்ற நம்பிக்கையோடுதான் பலர் சேர்ந்தார்கள். நீட்டிப்பு கிடைத்தது, நிரந்தரம் கிடைக்கவில்லை. 2010 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால், அதற்கு முன்பே பலர் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

அப்படி வெளியேறிய 32 பெண் அதிகாரிகளின் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் பணியில் சேர்ப்பது சாத்தியமில்லை. ஆனால், நிரந்தரப் பணிக்குத் தகுதியானவர்கள்தானா என்று விமானப்படை பரிசீலிக்க வேண்டும். தகுதி இருந்தால் 20 ஆண்டுகள் பணியாற்றியதாகக் கருதிப் பென்ஷன் தர வேண்டும். இடைப்பட்ட காலத்துக்குச் சம்பளம் கிடையாது. 1993 முதல் 1998 வரை பணியில் சேர்ந்தவர்கள் அவர்கள். நியாயம் வந்து சேர்ந்தபோது அவர்களில் பலரின் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்திருப்பார்கள்.

கழித்துக் கூட்டிய ஒரு கணக்கு

பதவி உயர்வில் தவறினால் குறைந்தபட்சம் அது கண்ணுக்குத் தெரியும். சம்பளப் பட்டியலில் நடக்கும் தவறு தெரிவதே இல்லை. இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தொடங்கியது தரைப்படையில், பலன் கிடைத்தது விமானப்படைக்கும்.

4-வது ஊதியக் குழு 1986 ஜனவரி 1 முதல் 'ரேங்க் பே' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பதவிக்கு ஏற்ப மாதம் 200 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் வரை. தரைப்படையில் கேப்டன் முதல் பிரிகேடியர் வரை, விமானப்படையில் அதற்கு இணையாக ஃப்ளைட் லெப்டினன்ட் முதல் ஏர் கமோடர் வரை. அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்க வேண்டிய தொகை அது. ஆனால், புதிய சம்பளத்தை நிர்ணயிக்கும்போது முதலில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு, பிறகு தனியாகச் சேர்த்தார்கள். இந்தக் கையால் எடுத்து அந்தக் கையால் கொடுத்த மாதிரி.

ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினார்கள். மேஜர் தனபாலன் என்ற ஒரு தரைப்படை அதிகாரி மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1998-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரசு மேல்முறையீடு செய்து தோற்றது. அவருக்குப் பணம் கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை. மற்ற அதிகாரிகள் வழக்குத் தொடுக்க, 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் கொடு என்றது. அதையும் திரும்பப் பெறக் கோரி அரசு மனு போட்டது. 2012 செப்டம்பரில்தான் இறுதி உத்தரவு வந்தது. வட்டி 6 சதவிகிதம், அதுவும் 2006 ஜனவரி முதல் மட்டும்.

1986-ல் எடுத்த பணத்துக்கு 2012-ல் தீர்வு. 26 ஆண்டுகள். ஒரு அதிகாரி சேர்ந்த நாளிலிருந்து டைம் ஸ்கேல் குரூப் கேப்டன் ஆகும் வரையிலான முழுக் காலம்.

ஒப்பீடு எங்கே உறுத்துகிறது?

விமானப்படை அதிகாரிகளின் பேச்சில் அடிக்கடி வரும் மூன்றெழுத்து 'என்.எஃப்.யூ.' மத்திய அரசின் குரூப் ஏ சிவில் பணிகளில் 6-வது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த ஒரு ஏற்பாடு அது. ஒரு பேட்ச் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு குறிப்பிட்ட நிலைக்கு மத்திய அரசில் நியமிக்கப்பட்டால், அவரைவிட இரண்டு ஆண்டு சீனியரான மற்ற குரூப் ஏ அதிகாரிகளுக்கும் அந்த நிலையின் சம்பளம் கிடைக்கும். பதவி உயர வேண்டியதில்லை. காலியிடம் இல்லையென்றாலும் சம்பளம் மட்டும் உயரும்.

முப்படை அதிகாரிகள் இதில் சேர்க்கப்படவில்லை. கூம்பு எங்கே அதிகம் குறுகுகிறதோ அங்கேதான் இந்த ஏற்பாடு அதிகம் தேவை என்பது அவர்கள் வாதம். 7-வது ஊதியக் குழுவிலேயே இதில் ஒருமித்த கருத்து வரவில்லை; தலைவர் நீட்டிக்கலாம் என்றார், மற்ற இரு உறுப்பினர்கள் அவரோடு உடன்படவில்லை. துணை ராணுவப் படைகளின் அதிகாரிகளுக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சலுகையை உறுதி செய்தபோது, முப்படையில் இந்தக் கேள்வி மீண்டும் சூடானது. 2025 ஜனவரியில் 8-வது ஊதியக் குழு அறிவிக்கப்பட்ட பிறகு, அதிகாரிகள் கண் வைத்திருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். முப்படையினருக்கு ராணுவப் பணிச் சம்பளம் தனியாக இருக்கிறது. சிவில் பணியில் அது இல்லை. 2004-க்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு சிவில் ஊழியர்கள் புதிய பென்ஷன் திட்டத்துக்குப் போய்விட்டார்கள். முப்படையினருக்கு மட்டும் கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற பழைய பென்ஷன் தொடர்கிறது. இரண்டு தட்டிலும் எடை இருக்கிறது. ஆனால், 60 வயது வரை சம்பளம் வாங்குகிறவரையும் 54-ல் வீட்டுக்கு வருகிறவரையும் ஒரே தராசில் வைக்கும்போது, அந்த ஆறு ஆண்டை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு.

ஏர்லைன்ஸ் கனவு

"பைலட்டுக்கென்ன கவலை, ஏர்லைன்ஸ் கூப்பிடுமே" என்பார்கள். பாதி உண்மை. விருப்ப ஓய்வு கேட்டவுடன் கிடைப்பதில்லை. படையின் தேவையைப் பொறுத்துத்தான் அனுமதி. ஒரு போர் விமான பைலட்டை உருவாக்க அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது, எளிதில் விடாது. வெளியே வந்தாலும் சிவில் விமான இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுதி உரிமம் பெற வேண்டும். ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் பறந்தவருக்கும், போக்குவரத்து விமானத்தில் பறந்தவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. முதுகுவலியோ ரத்த அழுத்தமோ மருத்துவப் பிரிவைக் குறைத்துவிட்டால், உள்ளேயும் பறக்க முடியாது, வெளியேயும் வழி குறையும்.

இன்னொன்று, 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டம். 2015 நவம்பரில் அரசு அதை அறிவித்தபோது, அதன் பிறகு தாமாகக் கேட்டு முன்கூட்டி வெளியேறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. விலகல் கடிதம் எழுதும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய வரி அது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

விமானப்படை அதிகாரி இருக்கும் வீட்டில் சில விஷயங்களைக் கணவன், மனைவி இருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, பணியின் வகை. நிரந்தரமா, குறுகிய காலமா? குறுகிய காலம் என்றால் பென்ஷன் இல்லை என்ற கணக்கிலேயே முதல் மாதச் சம்பளத்திலிருந்து சேமிப்பு தொடங்க வேண்டும். வரன் பார்க்கும்போதே இதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது, வீட்டுக் கடன். 60 வயது வரை தவணை கட்டலாம் என்று வங்கி நீட்டும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. 54-க்குள் முடியும்படி போட்டுக்கொள்வது நிம்மதி.

மூன்றாவது, பென்ஷனை முன்கூட்டி மொத்தமாகப் பெறும் வசதி. முப்படையினர் பென்ஷனில் பாதி வரை இப்படிப் பெறலாம். அந்தப் பகுதி 15 ஆண்டு கழித்துத்தான் மீண்டும் மாதப் பென்ஷனில் சேரும். கையில் வரும் பெரிய தொகையைப் பார்த்து மகள் கல்யாணத்துக்கு அப்படியே செலவழித்தால், 54-லிருந்து 69 வரை குறைந்த பென்ஷனில்தான் ஓட்ட வேண்டும்.

நான்காவது, காகிதங்கள். சம்பள நிர்ணயம், பதவி உயர்வு உத்தரவு, மருத்துவப் பிரிவு மாற்றம் எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு ஊதியக் குழுவுக்குப் பின்னும் புதிய சம்பளம் எப்படி வந்தது என்று ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும்.

ஐந்தாவது, புகார் வழி. விமானப்படைச் சட்டமே அதிகாரிகளுக்கு முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. அதிலும் தீர்வு இல்லையென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் ஒரு கிளை சென்னையிலேயே செயல்படுகிறது. பதவி உயர்வு, சம்பளம், பென்ஷன் மூன்றையும் அங்கே எடுத்துச் செல்லலாம். முறையிடுவது படைக்குத் துரோகம் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். மேலே சொன்ன வழக்குகளைத் தொடுத்தவர்கள் எல்லோருமே படையை நேசித்தவர்கள்தான்.

கடைசியாக, மனைவி அல்லது கணவரின் வேலை. அடிக்கடி ஊர் மாறுவதால் அதிகாரியின் துணைக்கு நிலையான வேலை அமைவது கஷ்டம். ஆனால், 54-க்குப் பிறகு அந்த வீட்டுக்கு மிகவும் தேவைப்படும் சம்பளம் அதுதான். ஊர் மாறினாலும் கூடவே வரக்கூடிய படிப்பு, ஆசிரியப் பயிற்சி, வீட்டிலிருந்தே செய்யும் கணக்கு வேலை என்று எதையாவது 30 வயதிலேயே பிடித்துக்கொண்ட குடும்பங்கள், அந்த நாள் வரும்போது அவ்வளவாகப் பதறுவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சி முடித்து அதிகாரிகளாக அணிவகுத்து வருகிறார்கள். பெற்றோர் தோளில் முதல் பட்டையைப் பொருத்திவிட்டுக் கண் கலங்குகிறார்கள். அன்றைக்குக் கலங்குவது பெருமையில். ஊருக்குத் திரும்பியதும் ஒரு மாலைப்பொழுது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, 13, 14, 20, 26, 54 என்ற ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, எந்த ஆண்டில் வயது என்ன, வரவு என்ன, செலவு என்ன என்று போட்டுப் பார்த்துவிட்டால், பின்னால் நீதிமன்றம் வரை போக வேண்டிய கவலைகளில் சில, வீட்டிலேயே பாதி குறையும்.